அல்லி ராஜ்ஜியம்: பெண்ணாட்சி பற்றிய சொல்லும் கதையும்

தமிழில் 'அல்லி ராஜ்ஜியம்' என்றொரு வழக்கு உண்டு. ஓர் அலுவலகத்துக்குப் பெண் ஒருவர் மேலாளராக வந்து, அவர் சொல் அங்கே எடுபடத் தொடங்கிவிட்டால், "இப்போது அங்கே அல்லி ராஜ்ஜியம்" என்பார்கள். சொல்பவர் சிரித்துக்கொண்டே சொல்வார், கேட்பவரும் சிரிப்பார். 'அல்லி தர்பார்' என்பது இதன் உடன்பிறப்பு. அதில் சிரிப்பு சற்றுக் குறைவு, கடுப்பு சற்று அதிகம். அதே நாற்காலியில் ஆண் ஒருவர் அமர்ந்து அதே ஆணைகளைப் பிறப்பிக்கும்போது, அதைச் சுட்ட இப்படி ஒரு பெயர் நம்மிடம் இல்லை. 'அர்ச்சுனன் ராஜ்ஜியம்' என்று எவரும் சொல்ல நாம் கேட்டதில்லை. இயல்பு என்று கருதப்படுவதற்கு மொழி தனிப்பெயர் இடுவதில்லை. இயல்புக்கு மாறானது என்று கருதப்படுவதற்கே பெயர் வேண்டியிருக்கிறது.

இந்த வழக்கைத் தந்த அல்லி யார் என்பதை இன்றைய மாணவர் பலர் அறியார். அல்லியரசாணி மாலை, 'பெரிய எழுத்து' பதிப்புகளாகச் சந்தைகளிலும் திருவிழாக் கடைகளிலும் விற்ற கதைப்பாடல். புகழேந்திப் புலவர் இயற்றியது என்று அட்டையில் அச்சிட்டார்கள். நளவெண்பாவின் நடையையும் இதன் நடையையும் அடுத்தடுத்துப் படிப்பவர் அதை நம்பமாட்டார், ஆய்வாளரும் ஏற்பதில்லை. ஆயினும் நளவெண்பாவைப் பெயரளவிலும் கேட்டறியாத எத்தனையோ வீடுகளில் அல்லியின் கதை உரக்கப் படிக்கப்பட்டது.

கதை இது. பாண்டியன் மகளாக வளரும் அல்லி கல்வியும் படைக்கலப் பயிற்சியும் பெறுகிறாள். நாட்டைக் கவர்ந்து வைத்திருந்தவனைப் போரில் வென்று மதுரையை மீட்டு ஆள்கிறாள். அவளுடைய அமைச்சரும் காவலரும் பெண்கள். ஆண்களை அவள் அண்டவிடுவதில்லை. தீர்த்த யாத்திரை வந்த அர்ச்சுனன் அவள் புகழைக் கேட்டு ஆசை கொள்கிறான். நேர்வழியில் நெருங்க இயலாதபோது கண்ணனின் துணையை நாடுகிறான். மாறுவேடமும் மாயமுமாகப் பல சூழ்ச்சிகள் நடக்கின்றன. இறுதியில், அவள் உறங்கும்போது அவள் கழுத்தில் தாலி ஏறிவிடுகிறது. விழித்தெழுந்த அல்லி சினந்து போருக்கு எழுகிறாள். ஆயினும் தாலி தாலிதான் என்பது கதையின் தீர்ப்பு.

இங்கே ஒன்றைக் கூர்ந்து நோக்க வேண்டும். அல்லியின் ஆட்சி கெட்டுப்போனதால் கதை அவளைத் தோற்கடிக்கவில்லை. வரி மிகுந்தது, மழை பொய்த்தது, நீதி தவறியது என்பன போன்ற காரணங்கள் அவள் வீழ்ச்சிக்குத் தேவைப்படவில்லை. அவள் மணமாகாமல் ஆள்வதே தீர்க்கப்பட வேண்டிய சிக்கல். தாலி கட்டியதும் சிக்கல் தீர்ந்தது. பிறகு வரும் பவளக்கொடி கதையில் அதே அல்லி, கணவன் தேடிக்கொண்ட இன்னொருத்தியோடு மல்லுக்கு நிற்கும் மூத்த மனைவியாகிவிடுகிறாள். பவளக்கொடி மேடையேறியது; 1934இல் திரைப்படமாகவும் வந்து தியாகராஜ பாகவதரை அறிமுகம் செய்தது. மதுரையை மீட்டவளை மறந்து, சக்களத்திச் சண்டைக்காரியை நினைவில் வைத்துக்கொண்ட தலைமுறைகள் இப்படித்தான் உருவாயின.

மதுரைக்கு இது புதிய கதையும் அன்று. திருவிளையாடற் புராணத்தின் தடாதகைப் பிராட்டி மலயத்துவச பாண்டியனின் மகள். மூன்று தனங்களோடு தோன்றியவள். தந்தைக்குப் பின் முடிசூடி ஆண்டு, திக்குவிசயம் செய்து, கயிலைவரை படைநடத்திச் செல்கிறாள். அங்கே இறைவனைக் கண்டதும் மூன்றாவது தனம் மறைகிறது; நாணம் தோன்றுகிறது; படை திரும்புகிறது; திருமணம் நடக்கிறது. பின்னர் அரசு சுந்தரபாண்டியனுடையதாகிறது. சமயப் பொருளில் இது சிவசத்தி ஐக்கியம். அதில் நமக்கு வழக்கில்லை. கதையமைப்பாகப் பார்த்தால், ஆள்பவளாக இருந்தபோது அவள் உடலிலேயே ஒரு மிகை இருந்தது என்றும், மனைவியாகும் நொடியில் அது சரியாகிவிட்டது என்றும் புராணம் சொல்கிறது. மதுரை வழக்கம் இன்னும் நுட்பமானது. சித்திரைத் திருவிழாவில் அம்மனுக்குப் பட்டாபிடேகம் செய்து செங்கோல் அளிப்பர். ஆவணித் திருவிழாவில் செங்கோல் சுவாமிக்குச் செல்லும். ஆண்டில் நான்கு மாதம் அவள் ஆட்சி, எட்டு மாதம் அவர் ஆட்சி. மூன்றில் ஒரு பங்கு. இன்றைய சட்டமன்றங்கள் பலவற்றை நோக்க, இது தாராளந்தான்.

இனிச் சொற்களுக்கு வருவோம். அரசன் என்றால் ஆள்பவன். அரசி என்றால் யார்? பெரும்பாலும் ஆள்பவனின் மனைவி. ஆசிரியரின் மனைவி, மணந்ததாலேயே ஆசிரியை ஆகிவிடுவதில்லை. அரசனின் மனைவி மட்டும் மணந்த அன்றே அரசியாகிறாள். ஆகவே உண்மையிலேயே ஆட்சி செய்த பெண்ணைக் குறிக்க 'அரசி' என்ற சொல் போதுவதில்லை. 'ஆண்ட அரசி' என்று அடை சேர்க்கிறோம். 'ஆண்ட அரசன்' என்று எழுதினால் தமிழாசிரியர் மிகைச்சொல் என்று சிவப்பு மையால் அடித்துவிடுவார். புறநானூற்றின் 246ஆம் பாடலைப் பாடிய புலவரை நாம் அறிவது 'பூதப்பாண்டியன் தேவி பெருங்கோப்பெண்டு' என்றுதான். சான்றோர் அவையில் நின்று தம் முடிவைத் தாமே அறிவித்த பெண் அவர். அவருடைய இயற்பெயர் நமக்கு வந்து சேரவில்லை; கணவன் பெயரும் பதவிப்பெயரும் வந்து சேர்ந்தன.

தொல்காப்பியக் கற்பியலில் ஒரு விதி உண்டு. தலைவனின் முன் தன்னைத்தானே புகழ்ந்து பேசுதல், குறித்த இரண்டு சூழல்கள் நீங்கலாக, தலைவிக்கு இல்லை. தலைவனுக்கோ, தன் வினை தொடர்பாகத் தற்புகழ்ச்சி உரியது. இது அகப்பொருள் மரபு; காதலர்க்கு வகுத்தது; அரசியல் விதியன்று. அதை மறந்து தொல்காப்பியரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது நம் நோக்கமன்று. ஆனால் இலக்கண மாந்தருக்குச் சொன்னதைப் பின்வந்தோர் உலக மாந்தர்க்கும் உரியதாக்கினார்கள் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. தலைமைப் பதவிக்கான நேர்காணலில் அமர்ந்திருக்கும் ஒரு பெண், தான் செய்த பணியைத் தானே எடுத்துரைத்தால் 'தற்பெருமைக்காரி' என்றும், அதே அறையில் அடுத்து வரும் ஆண் அதையே சொன்னால் 'தன்னம்பிக்கை உள்ளவர்' என்றும் மதிப்பெண் பெறுவதை நம்மில் பலர் கண்டிருக்கிறோம். கற்பியல் விதியை ஒருமுறைகூடப் படித்திராத தேர்வாளர்களும் அதை வழுவாமல் கடைப்பிடிக்கிறார்கள்.

கதையைவிட்டு வரலாற்றுக்குள் வந்தால், நமக்குக் கிடைக்கும் தெளிவான எடுத்துக்காட்டு இராணி மங்கம்மாள். மதுரை நாயக்கர் சொக்கநாதரின் மனைவி. கணவர் 1682இல் இறந்தபோது உடன்கட்டை ஏறவில்லை. மகன் அரங்ககிருஷ்ண முத்துவீரப்பர் 1689இல் அம்மையால் இறந்தார். பிறந்த குழந்தையான பேரன் விசயரங்க சொக்கநாதர் பெயரில் அவ்வாண்டு முதல் 1706 வரை மங்கம்மாள் நாட்டை நடத்தினார். சட்டப்படி அவர் அரசரல்லர், காப்பாட்சியர். செயலில் அவரே அரசர். முகலாயப் பேரரசுக்குத் திறை செலுத்திப் போரைத் தவிர்த்தார். திருவிதாங்கூர் மீதும் தஞ்சை மீதும் படை அனுப்பி வென்றார். கிழவன் சேதுபதியோடு மோதியபோது தோல்வியும் கண்டார். சாலைகள், சத்திரங்கள், கால்வாய்கள் அமைத்தார். மதுரைத் தொடர்வண்டி நிலையத்துக்கு எதிரே அவர் பெயரால் நிற்கும் சத்திரத்தைப் பார்த்தவர் நம்மில் பலர் இருப்பர்.

மக்கள் நினைவு இவரை என்ன செய்தது என்பதே நமக்கு இன்னும் முக்கியமானது. அவர் இவ்வளவு சாலைகளை ஏன் அமைத்தார்? மக்கள் சொல்லும் காரணம் இது: ஒருநாள் அறியாமல் இடக்கையால் வெற்றிலை போட்டுக்கொண்டார், அந்தப் பிழைக்குக் கழுவாயாகச் சாலை அமைத்து மரம் நட்டார். வணிகப் பாதைகளையும் படைவழிகளையும் யாத்திரை வழிகளையும் இணைத்த ஓர் ஆட்சியாளரின் திட்டம், விதவைப் பெண் ஒருத்தியின் கைப்பிழைக்கு எழுந்த பரிகாரமாகச் சுருங்கிவிட்டது. கரிகாலன் காவிரிக்குக் கரையெடுத்ததற்கு இப்படியொரு காரணத்தை எவரும் தேடவில்லை. இன்னொரு கதை, அமைச்சர் ஒருவரோடு அவரை இணைத்துப் பேசியது. மூன்றாவது கதை, வயதுவந்த பேரனின் ஆட்கள் அவரைச் சிறைவைத்து, உணவு கண்ணுக்குத் தெரியும்படி வைத்துப் பட்டினியால் கொன்றார்கள் என்பது. இம்மூன்றில் எது எந்த அளவு உண்மை என்பது வேறு ஆராய்ச்சி. மூன்றும் எதைக் கேட்கின்றன என்று பாருங்கள்: அவள் ஏன் நன்மை செய்தாள், யாரோடு இருந்தாள், எப்படித் தண்டனை பெற்றாள். எப்படி ஆண்டாள் என்ற கேள்வி மட்டும் அவற்றுள் இல்லை. பிற்காலத்தில் நா. பார்த்தசாரதி 'ராணி மங்கம்மாள்' என்னும் புதினம் எழுதினார். அவர் வாங்கிக்கொண்டதும் இந்த வாய்மொழிப் பொருளைத்தான்.

நாம் வாழும் நிலப்பகுதிக்கும் ஒரு பார்வை தேவை. மங்கம்மாள் மதுரையில் ஆட்சிப்பொறுப்பை ஏற்றபோது, மலாக்கா நீரிணைக்கு அப்பால் அச்சேயில் ஒரு பெண் அரியணையில் இருந்தார். 1641 முதல் 1699 வரை நான்கு பெண்கள் அடுத்தடுத்து அந்நாட்டை ஆண்டார்கள். முதலாமவரான சுல்தானா சஃபியத்துத்தீன் மட்டும் முப்பத்து நான்கு ஆண்டுகள். அதற்கு முன்பே, பதினாறாம் நூற்றாண்டின் இறுதி முதல் பத்தானியில் ராஜா ஹிஜாவ், ராஜா பிரு, ராஜா உங்கு, ராஜா கூனிங் என்று பெண்கள் ஆண்டார்கள். பச்சை, நீலம், ஊதா, மஞ்சள் என்பது அப்பெயர்களின் பொருள். அவர்கள் அனைவருக்கும் பட்டம் 'ராஜா'தான். மலாய் மொழியில் வினைக்கும் சுட்டுக்கும் ஆண்பால் பெண்பால் வேறுபாடு இல்லை. அதனால்தான் அங்கே பெண்ணாட்சி எளிதாயிற்று என்று மாணவர் ஒருவர் கட்டுரை எழுதினால் நாம் தடுத்து நிறுத்துவோம். பால்வேறுபாடு காட்டாத வங்காள மொழியிலும் பாரசீகத்திலும் அரியணைகள் ஆண்களுக்கே இருந்தன. மேலும், 1699இல் அச்சேயின் நான்காம் பெண்ணரசரை இறக்கியவர்கள், பெண்ணாட்சி சமயநெறிக்கு ஒவ்வாது என்ற வாதத்தையே கையில் எடுத்தார்கள். இலக்கணம் கதவைத் திறந்துவைக்கலாம். உள்ளே அழைப்பது இலக்கணத்தின் வேலையன்று.

தமிழில் புதினம் பிறந்தபோது இந்தக் கதவு மறுபடியும் தட்டப்பட்டது. மாயூரம் வேதநாயகம் பிள்ளையின் பிரதாப முதலியார் சரித்திரம் 1879இல் அச்சேறியது. தமிழின் முதல் நாவல் என்று தேர்வுக்காக மனப்பாடம் செய்கிறோம். அதன் நடுவே ஒரு பெண் நாட்டை ஆள்கிறாள் என்பதைத் தேர்வுத்தாள் கேட்பதில்லை. பிரதாபனைப் பிரிந்த ஞானாம்பாள், வழியில் தன்னைக் காத்துக்கொள்ள ஆண்வேடம் பூண்டு விக்கிரமபுரியை அடைகிறாள். அரசனில்லாத அவ்வூரில் பட்டத்து யானை அவள் கழுத்தில் மாலையிடுகிறது. அவள் அரசனாகிறாள். சட்டமும் நியாயமும் குலைந்துகிடந்த ஊரில் நல்லாட்சி ஏற்படுகிறது. அங்கே அநியாயமாகச் சிறையில் கிடந்த கணவனையும் அவளே மீட்கிறாள்.

வேதநாயகம் பிள்ளை மாவட்ட முன்சீப்பாக இருந்தவர். நீதிமன்றத் தீர்ப்புகளைத் தமிழில் பெயர்த்துத் தந்தவர். பெண்கல்விக்காக 1869இலேயே பெண்மதிமாலை வெளியிட்டவர். எனவே ஞானாம்பாளின் அரசாட்சியை வெறும் வேடிக்கை என்று ஒதுக்க இயலாது. நீதி எப்படி வழங்கப்பட வேண்டும், அதிகாரிகள் எப்படி நடக்க வேண்டும் என்ற தம் வாழ்நாள் கருத்துகளைச் செயற்படுத்திக் காட்ட, நாவலாசிரியர் தேர்ந்தெடுத்த ஆட்சியாளர் ஒரு பெண். கதைசொல்லும் கணவனோ அவள் அறிவுக்கு முன் தான் குறைந்தவன் என்பதைக் கூச்சமின்றிக் காட்டுகிறவன். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இது சிறிய செயலன்று.

ஆயினும் யானை மாலையிட்டது ஓர் ஆடவனுக்கு. ஊர் வணங்கியது ஓர் ஆடவனை. அவள் பெண் என்று தெரிந்தே, தெரிந்ததனாலேயே ஒரு நாடு அவளை ஏற்றது என்று எழுதும் துணிவு அந்த நாவலுக்கு இல்லை. அறிவு பெண்ணுடையது, உடை ஆணுடையது என்பதே அவர் கண்ட உடன்பாடு. காக்கத்தியரின் உருத்திரமதேவி பதின்மூன்றாம் நூற்றாண்டில் 'உருத்திரதேவ மகாராசர்' என்னும் ஆண்பாற் பெயரோடு ஆண்டதை இதனோடு வைத்துப் பார்க்கலாம். கதையும் வரலாறும் ஒரே தையற்காரரிடம் சட்டை தைத்திருக்கின்றன.

கல்கியின் குந்தவையைப் பற்றி நீளப் பேச வேண்டியதில்லை. அவளை அறியாத தமிழ் மாணவர் அரியர். அவள் வேடம் போடவில்லை. ஆனால் அரியணையையும் நாடவில்லை. அவளுடைய அரசியலறிவு தம்பிக்காகவும் குலத்துக்காகவும் இயங்குவதால் வாசகர் அச்சமின்றி அவளை விரும்புகிறார்கள். தனக்கென வஞ்சம் வைத்த நந்தினியை அஞ்சுகிறார்கள். கல்வெட்டுக் குந்தவை இதைவிடச் சற்று நிமிர்ந்து நிற்கிறார்: தஞ்சைப் பெரிய கோயிலுக்கு வழங்கப்பட்ட கொடைகளைப் பதியச் சொல்லும் ஆணையில் இராசராசன் தன் கொடைக்கு அடுத்து வைப்பது 'அக்கன்' கொடையை, தேவியர் கொடை அதன் பின்னர்தான் வருகிறது.

வேடமின்றி, தம்பியின் நிழலுமின்றி, தமிழ்ப்பெண்கள் பெருந்திரளாகப் படையுடையில் நின்ற காட்சியைக் காண நாம் தமிழகத்துக்குப் போக வேண்டியதில்லை. அது இங்கே நடந்தது. 1943 ஜூலையில் சிங்கப்பூர் வந்த சுபாஷ் சந்திர போஸ் பெண்கள் படைக்கு அழைப்பு விடுத்தார். சென்னையிலிருந்து 1940இல் இங்கு வந்து மருத்துவம் பார்த்துக்கொண்டிருந்த லட்சுமி சுவாமிநாதன் அதன் பொறுப்பை ஏற்றார். அக்டோபர் 22ஆம் நாள் வாட்டர்லூ சாலையில் பயிற்சி முகாம் தொடங்கியது. கோலாலம்பூரிலிருந்து ஜானகி தேவர், ஈப்போவிலிருந்து ராசம்மா நவரத்தினம் என்று படித்த குடும்பத்துப் பெண்கள் வந்தார்கள். அவர்களைவிட மிகுதியாகத் தோட்டங்களிலிருந்து பால்வெட்டும் பெண்கள் வந்தார்கள். கடற்செலவு மகளிரோடு இல்லை என்று அகத்திணையியல் விதித்திருக்க, அந்தக் கடலைக் கடந்து வந்த பெண்களும் அவர்கள் வயிற்றில் பிறந்தவர்களும் இவர்கள்.

தோட்டத்துப் பெண்கள் ஏன் வந்தார்கள் என்பதற்கு நாட்டுப்பற்று ஒன்றே விடையன்று. 1920களின் இறுதியில் மலாயாவின் முக்கியத் தோட்டப்பகுதிகளில் இந்தியத் தொழிலாளர்க்கு வகுத்த நாட்கூலி ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. வேலையை மேற்பார்த்த கங்காணி ஆண், அவருக்கு மேலிருந்த கிராணி ஆண், துரை ஆண். பெயர் சொல்லி அழைக்கப்பட்டு, நிமிர்ந்து நின்று, ஒரு பெண்ணிடமிருந்து ஆணை பெறும் வாய்ப்பை அவர்கள் வாழ்வில் முதன்முறையாகக் கண்டது அந்த முகாமில்தான். படைத்தலைவியின் ஆணைக்கு அங்கே எவரும் 'அல்லி தர்பார்' என்று பெயர் சூட்டியிருக்க மாட்டார்கள். அதே வேளையில், தற்காலிக அரசில் லட்சுமிக்குத் தரப்பட்ட அமைச்சுத்துறை மகளிர் துறை என்பதையும் குறித்துக்கொள்வோம். உலகெங்கும் பெண் அமைச்சரை முதலில் அமர்த்தும் நாற்காலி அதுவே.

போர் முடிந்தது. பால்வெட்டிய பெண்கள் பெரும்பாலும் தோட்டத்துக்கே திரும்பினார்கள். அவர்கள் பெயர்கள் நூல்களில் அருகியே கிடைக்கின்றன. ஜானகி 1946இல் மலாயா இந்தியர் காங்கிரசைத் தொடங்கியவர்களுள் ஒருவராகிப் பின்னர் மேலவை உறுப்பினரானார். ராசம்மா பூபாலனோ ஆசிரியரானார். ஆசிரியர்களாகிய நீங்கள் அவரை அறிந்திருக்க வேண்டும். துப்பாக்கி ஏந்திப் பயின்றவர் வகுப்பறைக்கு வந்து கண்டது என்ன? அதே தகுதி, அதே பாடவேளை. ஆனால் பெண்ணுக்குக் குறைந்த ஊதியம். ஆண் குடும்பத்தைத் தாங்குபவன் என்பது அதற்குச் சொல்லப்பட்ட நியாயம். 1960இல் பெண்ணாசிரியர்க்கென்று தனிச் சங்கம் அமைத்து அவர் சம ஊதியத்துக்குப் போராடினார். தோட்டத்தின் 50 காசு, 40 காசுக் கணக்குப் பள்ளிக்கூடத்துக்குள்ளும் வந்திருந்தது. அதைக் கலைக்க ஒரு தலைமை தேவைப்பட்டது.

மொழிக்குத் திரும்புவோம். 'பெண்புத்தி பின்புத்தி' என்ற பழமொழிக்கு, பின்வருவதை எண்ணும் புத்தி என்று இப்போது மேடைகளில் புதுப்பொருள் சொல்கிறார்கள். நல்லெண்ணந்தான். ஆனால் பழமொழியை அதன் நூற்றாண்டுகால வழக்கிலிருந்து பெயர்த்தெடுத்துக் குளிப்பாட்டிவிட்டால், அது செய்த வேலை மறைந்துவிடாது. வகுப்பறையில் அதன் பழைய பொருளைச் சொல்லி, அதை யார் யாரிடம் எப்போது சொன்னார்கள் என்று கேட்பதே நேர்மை.

அதுபோலவே நம் இலக்கணப் பயிற்சியில் வரும் ஆண்பால் பெண்பால் அட்டவணையையும் பார்க்க வேண்டும். தலைவன்-தலைவி, அரசன்-அரசி. இரண்டும் சமம் போலக் கட்டத்துக்குள் நிற்கின்றன. ஆனால் 'தலைவி' என்னும் சொல்லை நம் மாணவர் இலக்கியப் பாடத்தில் சந்திப்பது பிரிவாற்றாது மெலிபவளாகத்தான். இச்சிக்கலிலிருந்து தமிழுக்கு வழிவிட்டது, ஆண்பாலுமன்றிப் பெண்பாலுமன்றிப் பலர்பாலாக இருந்து உயர்வொருமையாக மாறிய 'ர்' விகுதி. தலைவர், அமைச்சர், மருத்துவர், கவிஞர்: இவற்றில் பால் தெரிவதில்லை. இயக்கம் நடத்தி எவரும் கொண்டுவந்த சீர்திருத்தமன்று இது. மதிப்புக்காகப் பிறந்த விகுதி சமத்துவத்துக்கும் பயன்பட்டது. ஆயினும் செய்தித்தாள் 'பெண் தலைவர்' என்று எழுதுகிறது. 'ஆண் தலைவர்' என்று எழுதுவதில்லை. விகுதியில் அகன்ற வேறுபாடு அடைமொழியில் திரும்பி வந்துவிட்டது.

2017இல் ஹலிமா யாக்கோப் சிங்கப்பூரின் அதிபரானபோது, தமிழ்ச் செய்தியாளர் எவருக்கும் புதுச்சொல் தேட வேண்டியிருக்கவில்லை. 'அதிபர்' என்ற சொல் முன்னிருந்த ஆடவருக்குப் பொருந்தியதுபோலவே அவருக்கும் பொருந்தியது. தேட வேண்டியிருந்தது இன்னொரு சொல். ஆள்பவரின் மனைவியைக் குறிக்க அரசி, தேவி, கோப்பெருந்தேவி, பட்டத்தரசி, முதல் பெண்மணி என்று ஈராயிரம் ஆண்டுகளாகச் சேர்த்துவைத்திருக்கிறோம். ஆள்பவரின் கணவருக்குத் தமிழில் இன்றுவரை 'அதிபரின் கணவர்' என்ற தொடர் மட்டுமே உண்டு.